கஞ்சமலை இரும்பு: 35 சதவீதத்தின் கதை

கஞ்சமலையில் ஏறுகிறவர்கள் திசைகாட்டியை நம்பக் கூடாது. மாணவனாக முதன்முறை அங்கே போனபோது இது எனக்குத் தெரியாது. பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டே போனோம். ஒரே பாறையை நானும் நண்பனும் அளந்தோம். சாய்வுக் கோணம் இருவருக்கும் ஒன்றாக வந்தது, திசை மட்டும் ஏகத்துக்கு மாறி நின்றது. யார் தப்பு என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். அப்புறம்தான் திசைகாட்டியைப் பாறையின் மேல் மெதுவாக நகர்த்திப் பார்த்தோம். அடிக்கு அடி முள் சுற்றியது. நாங்கள் அளந்துகொண்டிருந்த பாறையே காந்தம்.

அந்தப் பாறைதான் இந்த ஆய்வின் பொருள். கஞ்சமலையில் எத்தனை டன் இரும்பு இருக்கிறது என்று ஊடகங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த இரும்பு எந்தப் பாறைக்குள், எந்த வடிவத்தில் அடைபட்டிருக்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பலர் முயன்றும் அங்கே ஒரு பெரிய சுரங்கம் வராமல் போனதற்கு அரசியலும் காரணம், பணமும் காரணம். ஆனால் முதல் காரணம் பாறைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து.

இடம்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, இளம்பிள்ளைக்கும் சிவதாபுரத்துக்கும் பக்கத்தில், சமவெளியிலிருந்து தனியாக எழும் மலை இது. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர். சேலம் சமவெளியே 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடிவாரத்தில் நின்று பார்த்தால் எழுநூறு மீட்டர் சுவர்போலத் தெரியும். வெளிப்பக்கச் சரிவுகள் செங்குத்தானவை. அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசை தோறும் அங்கே கூட்டம் கூடும்.

அந்தக் கோயிலைச் சுற்றி ஒரு கதை உண்டு. குருவுக்குச் சோறு சமைத்த சீடர், கையில் கிடைத்த ஒரு மூலிகைக் குச்சியால் கிளறினாராம். சோறு கறுத்துப்போனது. குருவுக்கு அதைப் போடப் பயந்து தானே தின்றுவிட்டார், உடனே இளைஞனாக மாறிவிட்டார். இந்த மலையின் கதையில் கறுப்பு நிறம் வருவது எனக்கு வியப்பாக இல்லை. மழை விட்ட மறுநாள் அடிவார ஓடைகளில் போய்ப் பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே மை கொட்டினதுபோலக் கறுப்புக் கோடுகள் கிடக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி இழுத்தால் அந்தக் கறுப்பு மொத்தமும் தாடிபோல ஒட்டிக்கொண்டு வரும். மலையிலிருந்து உதிர்ந்து வந்த மேக்னடைட் மணல் அது.

பாறையின் பிறப்பு

தாதுப் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் மேக்னடைட் குவார்ட்சைட். உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக இருக்கும். கறுப்பு வரி மேக்னடைட், அதாவது காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு. வெளுப்பு வரி குவார்ட்ஸ், நாம் வெங்கச்சங்கல் என்கிற அதே சிலிக்கா. கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் கனக்கும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மேக்னடைட்டின் அடர்த்தி 5.2. கனத்துக்குக் காரணம் அதுதான்.

இந்த வரிகள் கடலில் பிறந்தவை. அந்தக் காலத்துக் கடல்நீரில் உயிர்வளி மிகக் குறைவு. எரிமலை வாய்களிலிருந்தும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் வந்த இரும்பு நீரில் கரைந்தே கிடந்தது. உயிர்வளி கிடைத்த நேரத்தில் அது துருவாகப் படிந்தது, மற்ற நேரத்தில் சிலிக்கா படிந்தது. இப்படி மாறி மாறிப் படிந்தவைதான் உலகமெங்கும் உள்ள வரி இரும்புப் பாறைகள். ஒடிசா, சத்தீஸ்கர், கர்நாடகம் என்று நம் நாட்டின் பெரிய இரும்புச் சுரங்கங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அப்படியானால் கஞ்சமலை ஏன் சத்தீஸ்கரின் பைலாடிலா சுரங்க மலைபோல ஆகவில்லை? பைலாடிலாவில் 65 சதவீதத்துக்கு மேல் இரும்பு உள்ள ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடுத் தாது கிடைக்கிறது. கஞ்சமலைப் பாறையில் சராசரி சுமார் 35 சதவீதம்தான்.

விடை, படிந்த பிறகு இரண்டு மலைகளுக்கும் நடந்தவற்றில் இருக்கிறது. பைலாடிலா போன்ற இடங்களில் நீர் நெடுங்காலம் பாறைக்குள் இறங்கி, சிலிக்காவைக் கரைத்து வெளியே கொண்டுபோய்விட்டது. இரும்பு மிஞ்சியது. இயற்கையே தாதுவைச் சலித்துக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம். கஞ்சமலையின் பாறைகளோ பூமிக்கடியில் மிக ஆழத்துக்குப் போய்த் திரும்பியவை. தாதுப் பட்டைகளோடு சேர்ந்து கிடக்கும் கார்னெட், பைராக்சின் என்ற கனிமங்கள் நிறைந்த கறும்பச்சைப் பாறைகள் இதற்குச் சாட்சி. அவை உயர் அழுத்தக் கிரானுலைட் வகை. 35 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 750 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில்தான் அந்தக் கனிமக் கூட்டணி உருவாகும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது நடந்தது. கடலடித் தரை ஒன்று மற்றொரு நிலத்தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போனதன் மிச்சம் இந்த மலை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஆழத்துப் பாறைகள் இன்னும் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை அதிலிருந்துதான் தயாரித்தார்கள்.

சரி, அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் தாதுவுக்கு என்ன ஆயிற்று? குவார்ட்ஸும் மேக்னடைட்டும் மறுபடி படிகமாகி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் இறுகிவிட்டன. நீர் இறங்கிச் சிலிக்காவைக் கரைக்க வழியில்லாமல் போயிற்று. மேற்பரப்பில் கொஞ்சம் மட்டும் மேக்னடைட் ஹெமடைட்டாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சலிக்கும் வேலையை இயற்கை செய்யவில்லை. அது முழுக்க மனிதர் தலையில் விழுகிறது.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. வெப்பத்தில் வெந்த பாறை ஆகையால் மணிகள் பெரிதாகியிருக்கின்றன. அவ்வளவாக வேகாத வரி இரும்புப் பாறைகளை மாவுபோல அரைத்தால்தான் இரும்பும் சிலிக்காவும் பிரியும். கஞ்சமலைப் பாறையை அவ்வளவு நுணுக்கமாக அரைக்க வேண்டியதில்லை. அரைத்த தூளைக் காந்த உருளையில் விட்டால் மேக்னடைட் ஒட்டிக்கொள்ளும், சிலிக்கா கழன்று விழும். ஓடையில் மழை செய்கிற அதே வேலைதான்.

தொட்டிபோல ஒரு மடிப்பு

எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்தது அதன் வடிவம். நிலவியல் வரைபடத்தில் தாதுப் பட்டைகள் மலையைச் சுற்றி வளையம்போல ஓடும். கிழக்கு மேற்காக இழுத்து நீட்டிய முட்டை வடிவ வளையம். வடக்குச் சரிவில் உள்ள அடுக்கு தெற்கே சாய்கிறது, தெற்குச் சரிவில் உள்ளது வடக்கே சாய்கிறது. கிழக்கு மேற்கு முனைகளிலும் அப்படியே, உள்நோக்கிய சாய்வு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிபோல அடுக்குகள் குழிந்து கிடப்பது புரியும். தொட்டியின் விளிம்புகள் மலைச்சரிவில் வெளியே தெரிகின்றன, அடிப்பகுதி மலைக்குள்ளே புதைந்திருக்கிறது. தொட்டிக்குள் நிரம்பியிருப்பவை பெரும்பாலும் அந்தக் கார்னெட் கிரானுலைட் வகைப் பாறைகள்.

வரைபடம் வரையும்போது முதல் பயணத்தில் நாங்கள் பட்ட பாடு இதனால்தான். திசைகாட்டி பொய் சொன்னால் உள்நோக்கிச் சாய்வதும் வெளிநோக்கிச் சாய்வதும் குழம்பிவிடும். மொத்த மலையின் வடிவமும் தலைகீழாகிவிடும். பிறகு நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம், தூரத்தில் தெரியும் கோபுரத்தையோ உச்சியையோ குறிவைத்து, வரைபடத்திலிருந்து திசையைக் கணக்கிடச் சொன்னேன். வெயில் நேரத்தில் நிழலைக் கொண்டும் அளக்கலாம். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் கிடைக்கிற எண்ணை நம்பலாம்.

சாய்வு உள்நோக்கி இருப்பது சுரங்கக் கணக்கையே மாற்றிவிடும். மலைச்சரிவும் தாது அடுக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால், மேல்தோலை உரிப்பதுபோலத் தாதுவை எடுத்துவிடலாம். கஞ்சமலையில் சரிவு வெளியே பார்க்கிறது, அடுக்கு உள்ளே போகிறது. விளிம்பில் வெட்டத் தொடங்கினால் முதல் சில மீட்டர் சுலபம். அதன்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் மேலே கிடக்கும் பாறைச் சுமை கூடிக்கொண்டே போகும். தாதுவுக்குப் பின்னால் போகப் போக மலையையே இறக்க வேண்டியிருக்கும். 'இத்தனை கோடி டன்' என்ற எண்ணைப் படிக்கும்போது, அதில் எவ்வளவு விளிம்பில் இருக்கிறது, எவ்வளவு தொட்டியின் அடியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முயன்றவர்கள்

முதலில் இதைப் பயன்படுத்தியவர்கள் மலையை வெட்டவே இல்லை. மழை அரைத்துச் சலித்துக் கொடுத்த கறுமணலை அள்ளினார்கள். ஆளுயரத்துக்கும் குறைவான மண் உலை, மரக்கரி, ஆட்டுத்தோல் துருத்தி. இவ்வளவுதான் தளவாடம். உலையிலிருந்து வந்த இரும்புத் துண்டைத் தட்டிச் சுத்தம் செய்து, ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் சேர்த்துக் களிமண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி, மறுபடி சுட்டார்கள். இலையிலும் குச்சியிலும் உள்ள கரி இரும்பில் ஏறி எஃகாகும். ஐரோப்பியர் ஊட்ஸ் என்று எழுதிவைத்த எஃகு இதுதான். சேலம் வட்டாரத்தில் இந்த முறை இருந்ததை 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் விரிவாகச் சொல்கின்றன.

அந்தப் பதிவுகளில் முக்கியமானவை ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதியவை. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போனது. மாட்டு வண்டியில் காவிரிக் கரை வரை, அங்கிருந்து பரிசலில் கொள்ளிடம் வழியாகக் கடலோரம் வரை. ஆலையின் வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று. இரும்பின் தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. தீர்ந்துபோனது மரக்கரி. உலை பெரிதாகப் பெரிதாகக் காடு விலகிக்கொண்டே போனது, கரியின் விலை ஏறிக்கொண்டே வந்தது. ஆலை கைமாறியும் தேறவில்லை. 1860-களில் உலைகள் அணைந்துவிட்டன.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1864-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் சேலம் பகுதியின் நிலவியலை முதன்முதலாக முறைப்படி எழுதினார்கள். சென்னைப் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த அதே ஃபுட்தான். சேலம் மாவட்டத்துக் காந்த இரும்புப் பட்டைகளை அவர்கள் கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, சிங்கிப்பட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என்று ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார்கள். 1892-இல் தாமஸ் ஹாலந்து இந்த மாவட்டத்தின் இரும்புத் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். சார்னோகைட் என்ற பாறைக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான்.

கரியின் இடத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்துப் பார்த்தது அடுத்த தலைமுறை. 1950-60களில் சேலம் தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் இணைத்து ஓர் உருக்காலை என்ற கனவு வலுவாக இருந்தது. 1967 ஜூலையில் அண்ணா அரசு எழுச்சி நாள் நடத்திக் கேட்டவற்றில் சேலம் உருக்காலையும் ஒன்று. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை கஞ்சமலையின் அடிவாரத்திலேயே எழுந்தது. ஆனால் 1981-இல் உற்பத்தி தொடங்கியபோது அது துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. மலையின் தாதுவை உருக்கும் உலை அதில் இல்லை. நம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயங்களுக்கான வில்லைகள்கூட அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. அதைச் செய்த எஃகுக்குள் பின்னால் நிற்கும் மலையின் இரும்பு இல்லை. அந்த ஊருக்காகவும் அந்தக் கனவுக்காகவும் நான் வருந்துகிறேன். நிலவியல் தெரிந்தவனாக, ஏன் அப்படி ஆனது என்பதும் எனக்குப் புரிகிறது.

2000-களில் கஞ்சமலையையும் திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலை–வேடியப்பன் மலையையும் வெட்டும் திட்டம் வந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், சுரங்கம் வரவில்லை. 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு எதிரான போராட்டத்தின்போது, சாலையே இந்த மலைகளின் இரும்புக்காகத்தான் என்ற குற்றச்சாட்டோடு இந்தப் பெயர்கள் மறுபடி பேசப்பட்டன.

எண்களை வைத்துப் பார்ப்போம்

கஞ்சமலையின் தாது இருப்பாக வழக்கமாகச் சொல்லப்படுவது 7.5 கோடி டன். கேட்க மலைப்பாக இருக்கும். இந்தியா இப்போது ஓராண்டில் வெட்டியெடுக்கும் இரும்புத் தாது 25 கோடி டன்னுக்கு மேல். கஞ்சமலை முழுவதையும் ஒரு கிலோ விடாமல் எடுத்தாலும் நாட்டின் நான்கு மாத உற்பத்திக்கு ஈடாகாது. அதுவும் இங்கே இருப்பது 35 சதவீதத் தாது. சிறிய இருப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.5 கோடி டன்னில் 35 சதவீதம் என்றால் 2.6 கோடி டன் இரும்பு. அரைத்துப் பிரிக்கும்போது அதில் 85 சதவீதம் கைக்கு வருவதாகவும், வருகிற தூள் 66 சதவீத இரும்புள்ளதாகவும் வைத்துக்கொள்வோம். சுமார் 3.4 கோடி டன் தூள் கிடைக்கும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் எஃகு செய்யும் ஓர் ஆலைக்கு 16 லட்சம் டன் தூள் தேவை என்றால் இருபது, இருபத்தொரு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மீதி 4.1 கோடி டன் சிலிக்கா மணல். கனமீட்டருக்கு 1.6 டன் என்று வைத்து, பத்து மீட்டர் உயரத்துக்குக் கொட்டினால்கூட அதற்கு 250 ஹெக்டேருக்கு மேல் நிலம் வேண்டும். 630 ஏக்கர் என்றால் இளம்பிள்ளைப் பக்கத்து விவசாயிக்கு உடனே விளங்கும். தொட்டிக்குள் இருந்து இறக்க வேண்டிய கிரானுலைட் பாறையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதற்குக் கர்நாடகத்தின் குதிரேமுகா இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதுவும் குறைந்த தரக் காந்தத் தாதுதான். அரைத்துப் பிரித்த தூளை நீரில் கலந்து, மலையிலிருந்து மங்களூர் வரை குழாயில் அனுப்பினார்கள். கழிவு மணலைத் தேக்க லக்யாவில் ஓர் அணையையே கட்ட வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. அணைக்குப் பின்னால் மணல் இன்னும் அப்படியே கிடக்கிறது. குதிரேமுகாவில் கழிவைத் தேக்க ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. கஞ்சமலையைச் சுற்றி நான்கு பக்கமும் ஊர்கள், தறிக்கூடங்கள், தோட்டங்கள்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்த அடுக்குகளும் அவற்றின் வெடிப்புகளும் மழைநீரை மலைக்குள் வாங்கி வைக்கக்கூடிய அமைப்பு. தொட்டியின் விளிம்பை வெட்டினால் உள்ளே நிற்கும் நீர் எந்தப் பக்கம் வடியும் என்பது அடிவாரக் கிணற்றுக்காரர்களுக்கு உயிர்க் கேள்வி. இனி யாராவது கஞ்சமலையை ஆய்வு செய்ய வந்தால், டன் கணக்குக்குத் துளை போடும் அதே பணத்தில் அந்தத் துளைகளில் நீர்மட்டத்தையும் இரண்டு மழைக்காலம் அளந்து பதிவு செய்யட்டும் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாகப் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாணவி ஒருத்தி காந்தத்தில் ஒட்டிய மணலை அவரிடம் காட்டினாள். "இது தெரியும் பாப்பா. சின்ன வயசுல காந்தத்த வச்சுக்கிட்டு ஓடையெல்லாம் இழுத்துக்கிட்டுத் திரிவோம்" என்றார். எடுத்த மணல் எத்தனை நாளுக்குள் திரும்பச் சேரும் என்று அவள் கேட்டாள். ஒரு நல்ல மழை போதும் என்றார். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.